விளிம்பில் பெயர் உண்டா? மலையகப் பழைய கடைகளில் இராணுவப் பதக்கம் வாங்குவோருக்கு ஓர் ஒப்பீடு

கண்டியிலோ ஹட்டனிலோ பழைய சாமான் கடையொன்றில், பிஸ்கட் தகரத்துக்குள் மூன்று பொருள்கள் கிடக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். மன்னர் தலை பொறித்த வெள்ளி வட்டம் ஒன்று. சிறகு விரித்த பெண்ணுருவம் உள்ள, கறுத்துப்போன வெண்கல வட்டம் ஒன்று. மஞ்சள் நிற ஆறுமுனை நட்சத்திரம் ஒன்று. முதலாளி வெள்ளிக்குத்தான் கூடிய விலை சொல்வார். நட்சத்திரம் பார்வைக்கு அழகு, ஆகவே அதற்கு அடுத்த விலை. கறுத்த வட்டத்தைக் கேட்டால் "அதையும் சேர்த்து எடுங்க" என்று தள்ளிவிடுவார். கையில் ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறதென்றால், யாருடைய பதக்கம் என்று தேடிப் பார்க்கும் ஆசையும் இருக்கிறதென்றால், அந்தக் கறுத்த வட்டத்தை எடுங்கள்.

காரணம் அதன் விளிம்பில் இருக்கிறது. முதல் உலகப் போருக்காகப் பிரித்தானிய அரசு கொடுத்த வெற்றிப் பதக்கம் அது. 36 மி.மீ. விட்டம், வெண்கலம், வானவில் நிற நாடா. விளிம்பில் வீரரின் இலக்கம், பதவி, முதலெழுத்து, குடும்பப் பெயர், படைப்பிரிவு எல்லாம் அச்சுக்குத்தியால் எழுத்து எழுத்தாக அடிக்கப்பட்டிருக்கும். பக்கத்தில் கிடக்கும் வெள்ளி வட்டம் அதே போரின் பிரித்தானிய யுத்தப் பதக்கம். அதன் விளிம்பிலும் இதே விபரங்கள்தான். வெற்றிப் பதக்கம் பெற்றவருக்கு யுத்தப் பதக்கமும் கிடைத்தது. அதனால் ஒரே மனிதரைக் கண்டுபிடிக்க இரண்டில் எது கிடைத்தாலும் போதும், வெண்கலத்தில் உலோக விலை சேராது. நட்சத்திரம் இரண்டாம் உலகப் போருக்குரியது. பிரித்தானியப் படையினருக்குப் பெயர் பொறிக்காமலே அதைக் கொடுத்தார்கள். எவ்வளவு பளபளத்தாலும் அது யாருடையது என்று அந்த உலோகம் சொல்லாது.

வெள்ளியை வாங்குவதென்றால் முதலில் கணக்குப் பாருங்கள். யுத்தப் பதக்கம் 92.5 வீத வெள்ளி, ஏறக்குறைய ஓர் அவுன்ஸ், அதாவது 31 கிராம். நகைக்கடைக் கணக்கில் நாலு பவுனுக்குச் சற்றுக் குறைவு. 31-ஐ 0.925-ஆல் பெருக்கினால் சுமார் 28.7 கிராம் தூய வெள்ளி வரும். அன்றைய கிராம் விலையால் அதைப் பெருக்கினால் கிடைப்பது உருக்கு விலை. முதலாளி சொல்லும் விலை இதற்குக் கீழே இருந்தால் பேரம் பேசி நேரத்தை வீணாக்காமல் உடனே வாங்கிவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்ததாக அது உருக்கும் சட்டிக்குள்தான் போகும். வெள்ளியில் அடித்த யுத்தப் பதக்கங்கள் சுமார் 65 இலட்சம். 1980 தொடக்கத்தில் வெள்ளி விலை உச்சத்துக்குப் போனபோது உலகெங்கும் இவை பெருந்தொகையாக உருக்கப்பட்டன. துணையை இழந்த வெற்றிப் பதக்கங்கள் இன்று தனியாகக் கிடைப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இதே யுத்தப் பதக்கம் வெண்கலத்திலும் உண்டு. சுமார் 1,10,000 மட்டுமே அடித்தார்கள். சீன, இந்திய, மால்டா தொழிற்படைகளில் சுமைதூக்கியும் பாதை வெட்டியும் உழைத்தவர்களுக்கு வெள்ளிக்குப் பதிலாக இதைக் கொடுத்தார்கள். மன்னர் தலையும் மறுபக்கத்துக் குதிரை வீரனும் அதே மாதிரியே இருப்பதால், வெள்ளிப் பூச்சுத் தேய்ந்த போலி என்று நினைத்துக் கடைக்காரர் ஓரமாகப் போட்டிருப்பார். தோட்டத் தொழிலாளர் பரம்பரையில் வந்த ஒருவருக்கு இதைவிட நெருக்கமான பதக்கம் வேறொன்று இருக்கும் என்று தோன்றவில்லை. கண்டால் விடாதீர்கள்.

இங்கே எது கிடைக்கும், ஏன் கிடைக்கும்

மலையகத்தில் பதக்கங்கள் தேங்கியதற்குக் காரணங்கள் உண்டு. 1900-இல் உருவான இலங்கைத் தோட்டத்துரைமார் துப்பாக்கிப் படையின் தலைமையகம் கண்டியில் இருந்தது. 1914 ஒக்டோபரில் அந்தப் படையிலிருந்து 8 அதிகாரிகளும் 229 வீரர்களும் எகிப்துக்குக் கப்பலேறினார்கள். 1949-இல் இலங்கை இராணுவம் அமைந்தபோது படை கலைக்கப்பட்டது. 1972, 1975 நிலச் சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசின் கைக்கு மாறின. துரைமார் பங்களாக்களைக் காலி செய்து போனபோது தளபாடமும் புத்தகமும் மேசை இழுப்பறைக்குள் கிடந்தவையும் பல கைகளுக்குப் போயின.

ஆகவே தோட்டத்துரைமார் படையின் பெயரோடு முதல் உலகப் போரின் 1914–15 நட்சத்திரம் வருவது நடக்கக்கூடிய காரியம்தான். இது நாலுமுனை வெண்கல நட்சத்திரம், பெயர் பின்பக்கத்தில் இருக்கும். ஆனால் முதலில் போன தொகுதி 237 பேர்தான். அதனால் சந்தையில் அதற்கு விலை ஏறியிருக்கிறது, போலிப் பெயர் பொறிப்பும் அதைத் தேடித்தான் வருகிறது. இன்னொரு சிக்கலும் உண்டு. எகிப்துக்குப் போன துரைமார் பலர் பிறகு பிரித்தானியப் படைப்பிரிவுகளில் அதிகாரிகளானார்கள். இராணுவ அதிகாரிகளின் யுத்தப் பதக்கத்திலும் வெற்றிப் பதக்கத்திலும் பதவி, முதலெழுத்து, பெயர் மட்டுமே இருக்கும், இலக்கமும் படைப்பிரிவும் இராது. எனவே வெறுமனே 'கப்டன்' என்ற பதவியும் பெயரும் மட்டும் உள்ள பதக்கத்தை, இலங்கையோடு தொடர்பில்லாதது என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

குறைந்த காசில் உள்ளூர்த் தொடர்பு நிச்சயமாக வேண்டும் என்பவருக்கு எஃபிஷன்சி மெடல்தான் சரி. 1930-இல் தொடங்கியது, தொண்டர் படையில் 12 வருடம் பணியாற்றியவருக்குக் கொடுத்தது. வெள்ளி, முட்டை வடிவம், 39 மி.மீ. உயரம், 32 மி.மீ. அகலம், மஞ்சள் ஓரம் வைத்த பச்சை நாடா. மேல் தொங்குபிடியின் பட்டையில் 'சிலோன்' என்றே ஆங்கிலத்தில் இருக்கும். விளிம்பில் பெயர். போர்முனைப் பதக்கம் அல்ல என்பதால் சேகரிப்பவர்கள் இதை அவ்வளவு மதிப்பதில்லை. நமக்கு அது நல்லதுதான்: பட்டையிலேயே ஊர் எழுதியிருக்கும் பதக்கம், அதுவும் பெயரோடு.

இந்தியப் படையினரின் பதக்கங்களும் வரும். கார்னாட்டிக் காலாட்படை, மதராஸ் சப்பர்ஸ், பயனியர் படைகள் என்று விளிம்பில் பார்க்கலாம். முத்துசாமி, அந்தோனி, ஷேக் என்று நம் காதுக்குப் பழகிய பெயர்கள் ஆங்கில எழுத்தில் விசித்திரமாக நசுங்கிக் கிடக்கும். இரண்டாம் உலகப் போரின் நட்சத்திரங்களிலும் இந்தியாவில் வழங்கியவற்றுக்குப் பெயர் பொறித்தார்கள். ஆதலால் நட்சத்திரத்தைக் கண்டதும் ஒதுக்காமல் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்.

பெயரில்லாத இரண்டாம் போர்ப் பதக்கங்களை எப்போது வாங்கலாம்? பெட்டியோடு வந்தால். பிரித்தானிய வீரர்களுக்கு இவற்றைச் சிறிய அட்டைப் பெட்டியில் தபாலில் அனுப்பினார்கள். மேலே முகவரி, உள்ளே எந்தெந்தப் பதக்கம் என்று சொல்லும் துண்டுச்சீட்டு. பெட்டி இருந்தால் பதக்கத்தைவிட அந்த அட்டைக்குத்தான் மதிப்பு. கடைக்காரர் பெட்டியைக் குப்பையில் போட்டுவிட்டுப் பதக்கத்தை மட்டும் மினுக்கி வைக்கும் பழக்கம் உள்ளவர் என்றால், இனிமேல் வருவதை அப்படியே வைக்கும்படி சொல்லிவையுங்கள்.

கண்டிப் பக்கத்தில் நட்சத்திரங்களோடு ஒரு கதையும் விற்கப்படும்: பேராதனை முகாமில் மவுன்ட்பேட்டனின் ஆட்கள் விட்டுப்போனது என்று. மவுன்ட்பேட்டன் தலைமை தாங்கிய நேச நாடுகளின் தென்கிழக்காசியக் கட்டளையகம் 1944 ஏப்ரலில் பேராதனைத் தாவரவியல் பூங்காவுக்கு வந்தது உண்மை. ஆனால் போர் நடந்துகொண்டிருந்தபோது வீரர்கள் அணிந்தது நாடாவை மட்டும்தான். பதக்கங்களை அடித்துக் கொடுத்தது போர் முடிந்து சில வருடங்களுக்குப் பிறகு. முகாம் நிலத்தில் தோண்டி எடுத்த, இரண்டாம் போரின் பர்மா நட்சத்திரம் என்று யாராவது சொன்னால், பதக்கம் அசலாக இருக்கலாம், கதை அசல் அல்ல. முதல் போரின் யுத்தப் பதக்கத்துக்கும் இதே கணக்குத்தான், அது 1919-இல்தான் ஏற்படுத்தப்பட்டது.

1815-க்கு முந்தியதாகவோ கண்டிப் போர்க் காலத்ததாகவோ ஒரு இலங்கைப் பதக்கம் தகரத்துக்குள் கிடைத்தால் பிரதி என்றே எண்ணிக்கொள்ளுங்கள், அவ்வளவு அரிது. அண்மைய உள்நாட்டுப் போர்க்காலப் பதக்கங்களைத் தொட வேண்டாம். பெற்றவர்களும் குடும்பங்களும் இன்று நம்மோடு வாழ்கிறார்கள், அதைச் சேகரிப்புப் பொருளாக்கும் காலம் வரவில்லை. வீதிச் சோதனையில் பையிலிருந்து அது வெளியே வந்தால் விளக்கம் சொல்வதும் உங்கள் பாடு.

அன்டீக் கடையா, பழைய இரும்புக் கடையா, அடகுக்கடையா

அன்டீக் கடையில் கிடைப்பது பெரும்பாலும் மினுக்கியது, சட்டத்துக்குள் வெல்வெட் வைத்து அடுக்கியது. விலையில் பாதி அந்தச் சட்டத்துக்குத்தான். நாலு பதக்கத்தை ஒரு பட்டையில் தைத்து 'ஒரே ஆளுடையது' என்று விற்பார்கள். சட்டத்தைத் திறக்கச் சொல்லி ஒவ்வொரு விளிம்பையும் வாசியுங்கள். இரண்டில் பெயர் மாறினால் அது சேர்த்துக் கட்டிய தொகுப்பு. திறக்க மறுத்தால் வாங்காமல் வந்துவிடலாம். இந்தக் கடைகளுக்கு ஒரு நல்ல பக்கமும் உண்டு: பங்களா ஏலங்களில் எடுத்த முதலாளிக்கு எந்தத் தோட்டத்திலிருந்து வந்தது என்று தெரிந்திருக்கும். அந்தத் தகவலுக்காகக் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம்.

பழைய இரும்புக் கடையிலும் போத்தல்காரரிடமும் விலை நிறைக்கணக்கு. இங்கே தேட வேண்டியது பதக்கத்தைவிட ஒரு பெரிய தட்டு: 120 மி.மீ. விட்டமுள்ள வெண்கல நினைவுத் தட்டு, சிங்கமும் திரிசூலம் ஏந்திய பெண்ணும் உள்ளது. முதல் போரில் இறந்தவரின் குடும்பத்துக்குக் கொடுத்தது. பித்தளைத் தட்டோடு தட்டாகத் தராசில் ஏறிவிடும். இறந்தவரின் முழுப்பெயர் மேலெழும்பிய எழுத்தில் இருக்கும், பதவி இராது, படைப்பிரிவு இராது. உயிர்கொடுத்தவர்களில் பதவி வித்தியாசம் பார்க்கக் கூடாது என்று அப்படிச் செய்தார்கள். பெயர் இருக்கும் சதுரத்தில் ஒட்டுவேலை தெரிந்தாலோ, எழுத்து மட்டும் பின்புலத்தைவிடப் புதிதாகத் தெரிந்தாலோ பெயரை மாற்றியிருக்கிறார்கள். இரும்புக் கடையின் ஆபத்து கம்பி பிரஷ். விற்குமுன் தேய்த்துவிடுவார்கள். "கழுவாமல் வைத்தால் கூடத் தருகிறேன்" என்று சொன்னால் அடுத்த முறை கழுவாமல் வைப்பார்கள்.

அடகுக்கடைக்கும் நகைக்கடைக்கும் வெள்ளிதான் வரும். பலது தொங்குபிடியை வெட்டி, ஊசி ஒட்டி, ப்ரூச்சாகவோ பென்டனாகவோ ஆக்கப்பட்டிருக்கும். சேகரிப்பாளருக்கு அது பழுது. தேடுகிறவருக்குப் பெயர் இருந்தால் குறையொன்றுமில்லை, பேரத்துக்கு அந்த வெட்டுக் காயம் உதவவும் செய்யும்.

மூன்றிலும் முதலிடம் எங்களுக்கு இரும்புக் கடைதான், கிழமைக்கொருமுறை போகக்கூடியவராக இருந்தால். ஆறு மாதத்தில் ஒருமுறை கண்டிக்குப் போய்வருகிறவருக்கு அன்டீக் கடையே மேல். லயத்திலோ வீட்டிலோ ஒருவர் தாத்தாவின் பதக்கத்தை எடுத்துக் காட்டினால் விலை பேச வேண்டாம். விளிம்பைப் படம் எடுத்து, பெயரைத் தேடிக் கொடுத்துவிட்டு வாருங்கள். அது அந்த வீட்டில் இருக்க வேண்டியது.

கடையில் நின்றபடி செய்யும் சோதனை

சட்டைப் பைக்குள் அடங்கும் நாலு சாமான் போதும்: பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லூப், சிறு காந்தம், விட்டம் அளக்க டிஜிட்டல் வேர்னியர் கலிப்பர், சின்ன டோர்ச். வெள்ளியும் வெண்கலமும் செப்பு-நிக்கல் கலவையும் காந்தத்தில் ஒட்டாது. ஒட்டினால் பேச்சு முடிந்தது. அடுத்து லூப்பில் பின்புலத்தைப் பாருங்கள். அச்சடித்த அசலில் தளம் மழமழவென்றிருக்கும். வார்ப்பில் செய்த போலியில் ஊசித்துளை போன்ற குமிழ்கள், மழுங்கிய எழுத்து, விளிம்பைச் சுற்றி அரத்தால் தேய்த்த கோடு தெரியும். வார்த்த உலோகம் ஆறும்போது சுருங்குவதால் விட்டமும் கொஞ்சம் குறையும்.

பெயரை அழித்து வேறு பெயர் பொறித்ததைப் பிடிக்கக் கலிப்பர்தான் வழி. மேலிருந்து கீழாக ஒரு அளவு, பக்கவாட்டில் ஒரு அளவு, பிறகு பெயர் உள்ள இடங்களைச் சேர்த்துச் சுற்றிவர நாலைந்து அளவு எடுங்கள். பெயர் இருக்கும் இடத்தில் மட்டும் 0.2, 0.3 மி.மீ. குறைந்தால் அரம் போட்டிருக்கிறார்கள். முதல் போர்ப் பெயர்கள் அச்சுக்குத்தியால் அடித்த எளிய பெரிய எழுத்துகள். சாய்ந்து ஓடும் கையெழுத்துப் பாணியில் செதுக்கியிருந்தால் சந்தேகப்படுங்கள்.

வாசிக்க முடியாமல் தேய்ந்திருந்தால் டோர்ச்சை விளிம்புக்குப் பக்கவாட்டில், கிட்டத்தட்டப் படுக்கையாகப் பிடித்து மெல்லச் சுழற்றுங்கள். நேராக அடிக்கும் வெளிச்சத்தில் தெரியாத எழுத்து நிழலில் எழும். கைபேசியால் எட்டுத் துண்டாகப் படம் எடுத்து வைத்துக்கொண்டால் வீட்டில் சேர்த்து வாசிக்கலாம். 3-உம் 8-உம், சி-யும் ஜி-யும் மாறிப்போவதுதான் தேடல் தோற்பதற்கு வழக்கமான காரணம். கிடைக்காவிட்டால் அவற்றை மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

பெயர் கிடைத்த பிறகு எந்த வழி

பிரித்தானியப் பெயர் என்றால் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் பதக்கச் சுட்டி அட்டைகள், டபிள்யூ ஓ 372 என்ற தொகுதி, முதல் படி. இணையத்திலேயே குடும்பப் பெயர், முதலெழுத்து, இலக்கம் கொடுத்துத் தேடலாம். என்னென்ன பதக்கம், எந்தப் போர்முனை, எப்போது போனார் என்று அட்டை சொல்லும். அதே அட்டைகள் குடும்ப வரலாறு தேடும் ஆன்செஸ்ட்ரி தளத்திலும் உண்டு, சந்தா கட்ட வேண்டும். அதிகாரியைத் தேடுகிறவர் சந்தாவையே தெரிவு செய்யலாம். அதிகாரிகள் பதக்கத்துக்குத் தாங்களே விண்ணப்பிக்க வேண்டியிருந்ததால், அட்டையின் பின்பக்கத்தில் முகவரி எழுதப்பட்டிருக்கும். ஆன்செஸ்ட்ரியில்தான் இரண்டு பக்கமும் நிறத்தோடு உள்ளன. அந்த முகவரியில் ஒரு தோட்டத்தின் பெயர் வந்துவிட்டால் தேடல் திரும்ப நம் மலைக்கே வந்துவிடுகிறது.

பிரித்தானியாவின் பகுதிநேரத் தொண்டர் படையான பிராந்தியப் படையினருக்கு 1917-இல் ஆறிலக்க எண் புதிதாகக் கொடுத்தார்கள். பதக்கத்தில் ஒரு எண்ணும் வேறு ஏட்டில் இன்னொரு எண்ணும் வந்தால் இரண்டு பேர் என்று முடிவு கட்டாதீர்கள். முழுச் சேவைக் கோவை வேண்டும் என்பவர்களுக்கு ஒரு வருத்தமான செய்தி: 1940 செப்டெம்பரில் லண்டனில் விழுந்த குண்டில் முதல் போர் வீரர்களின் கோவைகளில் சுமார் 60 வீதம் எரிந்துபோனது. அட்டையோடு நிற்க வேண்டிவரலாம்.

நினைவுத் தட்டு என்றால் அட்டைக்குப் போகாமல் பொதுநலவாயப் போர்க்கல்லறை ஆணைக்குழுவின் இணையத் தேடலில் தொடங்குங்கள், அது இலவசம். பொதுவான பெயர் என்றால் பத்துப் பேர் வருவார்கள். அரிய இடைப்பெயர் ஒன்று இருந்தால் ஐந்து நிமிட வேலை.

தோட்டத்துரை என்று தெரிந்தால் கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களத்துக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். பெர்குசன் சிலோன் டிரெக்டரியில் எந்த வருடம் எந்தத் தோட்டத்தில் யார் துரை என்று பார்க்கலாம். போருக்கு முந்திய தொகுதியையும் பிந்திய தொகுதியையும் இரண்டையும் கேளுங்கள், திரும்பி வந்தாரா என்பது அதில் தெரியும். டிக்கோயா வோர்லி தேவாலயம் போன்ற பழைய தோட்டத் தேவாலயங்களின் சுவர்க் கற்களையும் சுற்றியுள்ள கல்லறைகளையும் வாசிக்க மறக்க வேண்டாம்.

இந்தியப் பெயருக்கு இவ்வளவு வசதி இல்லை. உயிரிழந்தவர் என்றால் ஆணைக்குழுவின் பட்டியலில் தந்தை பெயரும் கிராமமும் கிடைக்க வாய்ப்புண்டு. உயிரோடு திரும்பியவர் என்றால் படைப்பிரிவின் வரலாற்றோடு நிற்க நேரும். தேடல் சுருங்கும் என்று தெரிந்தே வாங்குங்கள். அந்தப் பெயர்கள் உருக்குச் சட்டிக்குப் போகாமல் காக்கப்பட வேண்டும் என்பதே போதுமான காரணம்.

மினுக்குவதா, விடுவதா

நம் வீடுகளில் குத்துவிளக்குக்குப் புளியும் சாம்பலும். பதக்கத்துக்கு அது கூடவே கூடாது. புளியின் அமிலம் வெண்கலத்தின் மேற்பரப்பைத் தின்று, நூறு வருடம் படிந்த நிறத்தை ஒரே நிமிடத்தில் செம்பு நிறமாக்கிவிடும். சாம்பல் எழுத்தின் கூர்மையைத் தேய்த்துவிடும். பிராசோ என்ற உலோக மினுக்கியும் அப்படித்தான். நாடாவைக் கழற்றிவிட்டு, காய்ச்சி வடித்த நீரில் ஒரு சொட்டு மென்மையான சவர்க்காரம், குழந்தைகளின் பல்துலக்கி, பிறகு முழுதாக உலர்த்தல். அதற்குமேல் தேவையில்லை. நாடாவை நனைக்காதீர்கள், சாயம் கலங்கிவிடும். பச்சைப் பொடி படிந்திருந்தால் பல்குச்சியால் மெதுவாக எடுத்து, அந்தப் பதக்கத்தை மற்றவற்றிலிருந்து தனியே வையுங்கள்.

நுவரெலியா, ஹட்டன் ஈரத்தில் பட்டு நாடா பூஞ்சணம் பிடிக்கும். சிலிக்கா ஜெல் பொதியோடு மூடிய பெட்டியில் வைத்து, மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை பொதியை மாற்றுங்கள். பி.வி.சி. உறை வேண்டாம், நாளடைவில் பசை கசிந்து பச்சையாகும். பத்திரிகைத் தாளிலும் இறப்பரிலும் உள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்கச் செய்யும்.

வெளிநாட்டில் உள்ள உறவினருக்கு அனுப்ப நினைத்தால் முன்கூட்டியே தொல்பொருள் திணைக்களத்தில் கேளுங்கள். 1940-ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2-க்கு முந்திய பொருள்களைத் தொல்பொருளாகக் கொள்கிறது. உலகப் போர்ப் பதக்கங்கள் அந்த எல்லைக்குள் வராவிட்டாலும், விமான நிலையத்தில் விவாதிப்பதைவிடக் கையில் ஒரு கடிதம் இருப்பது வசதி.

ஒவ்வொரு பதக்கத்தோடும் ஒரு காகித உறை வையுங்கள். பென்சிலால் எழுதுங்கள்: எந்த ஊர், எந்தக் கடை, எந்தத் திகதி, அதே தகரத்தில் வேறு என்னென்ன கிடந்தன. தனியே வந்த வெற்றிப் பதக்கத்தின் வெள்ளித் துணை அடுத்த மாதம் அதே கடைக்கு வந்தால், அந்தக் குறிப்பை வைத்துத்தான் இரண்டையும் மறுபடி சேர்க்க முடியும்.